ஜவ்வாது மலைக்கு டெங்கு ஊசி ஏறும் முன்

டெங்குவுக்கு நம் நாட்டிலேயே தயாராகும் தடுப்பூசி இறுதிக்கட்டச் சோதனையில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பனேசியா பயோடெக்கும் 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் தொடங்கிய சோதனை இது. 10,335 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள்; அனைவரும் பெரியவர்கள். முயற்சியை மனமார வரவேற்கிறோம். ஆனால் இந்த ஊசி ஜவ்வாது மலைக்கு வரும் முன், அங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்கு டெங்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது என்பதை அரசு கண்டறிந்தாக வேண்டும்.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து குணமானவரை வேறொரு வகை தாக்கினால், முதல் முறை உடலில் உருவான எதிர்ப்பான்களே இரண்டாம் நோயைக் கடுமையாக்கிவிடலாம். டெங்குவே வராதவருக்குப் போடும் ஊசி அந்த முதல் தொற்றைப் போல ஆகிவிடுவதுதான் ஆபத்து. பிலிப்பைன்ஸ் 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்கு ஊசியைப் போட்டது. 2017 இறுதியில் இந்த ஆபத்தைத் தயாரிப்பு நிறுவனமே ஒப்புக்கொள்ள, திட்டம் நின்றது. பெற்றோர் தட்டம்மை ஊசிக்கும் தயங்கத் தொடங்கினர்.

நம் ஊசியின் கட்டமைப்பு வேறு. இதே மூல வைரஸ்களைக் கொண்ட பிரேசிலின் ஊசி, டெங்கு வராதவர்களையும் ஓரளவு காத்தது. ஆனால் அந்தச் சோதனைக் காலத்தில் மூன்றாம், நான்காம் வகைகள் அங்கே பரவவில்லை. ஆகவே கேள்வி முழுதாகத் தீரவில்லை.

மலைக்கு இது ஏன் முக்கியம்? 2017-18-ல் சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்திய ரத்த ஆய்வில், நகரங்களில் சுமார் 71 சதவீதத்தினரிடமும் கிராமங்களில் 42 சதவீதத்தினரிடமும் டெங்குவின் சுவடு தெரிந்தது. சிறுவர்களிடம் இன்னும் குறைவு. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களை இந்தச் சராசரிகளில் எதைக்கொண்டு அளப்பது?

ஆய்வின் பெயரால் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது இந்த மலைக்கு அருகிலுள்ள வேலூரில்தான், 1955-ல். இந்திய வைரஸிலிருந்து சொந்த ஊசி வந்ததோ 2013-ல். அத்தனை காலம் இன்னொரு முறை காத்திருக்க முடியாது. சோதனை முடிவுகள் வருவதற்குள்ளேயே வயதுவாரியாக ரத்த மாதிரி எடுத்துவிடலாம். ஆய்வின் முடிவை அந்தந்த ஊரிலேயே மக்களுக்கு விளக்க வேண்டும். டெங்குவே வராதவர்களை ஊசி எப்படிக் காத்தது என்ற புள்ளிவிவரத்தைக் கவுன்சில் தனியாக வெளியிட வேண்டும்; அதைப் பார்க்காமல் மலைப் பிள்ளைகளுக்கு ஊசி போட மாநில அரசு சம்மதிக்கக் கூடாது.