விலை ஏறும் மலை, விலையே இல்லாத வீடு

ஹட்டன் டவுனில் ஒரு பேர்ச்சஸ் காணி என்ன விலை என்று இன்று யாரிடம் கேட்டாலும் பதில் இலட்சத்தில்தான் வருகிறது. கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று பிரதான வீதியோரமாகப் போனால் "காணி விற்பனைக்கு" என்ற பலகைகளைக் காணலாம். நுவரெலியாவிலும் எல்லயிலும் நிலைமை இன்னும் வேறு. அங்கே விலையைத் தீர்மானிப்பது உள்ளூரில் உழைப்பவரின் வருமானம் அல்ல, கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பணம். அதே வீதியிலிருந்து தேயிலைக்குள் அரை மைல் இறங்கினால் நமது லயம். அந்தக் காம்பிராவுக்கு என்ன விலை? எந்த வங்கியும், எந்த மதிப்பீட்டாளரும் ஒரு சதம்கூட எழுதித் தர மாட்டார்கள்.

"நாம் காணி வாங்கவும் போவதில்லை, விற்கவும் போவதில்லை, விலை ஏறினால் நமக்கென்ன?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த நினைப்பு நம்மை ஏமாற்றுகிறது. மலையகத்தில் காணி விலை ஒவ்வொரு படி ஏறும்போதும், உறுதி இல்லாமல் நாம் காத்திருக்கும் ஒவ்வொரு வருடத்தின் நட்டமும் கூடுகிறது.

சம்பளம் ஏறாத காலத்திலும் காணி ஏன் ஏறியது என்பதை முதலில் பார்ப்போம். 2022 இல் ரூபாய் விழுந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. கையில் காசு வைத்திருந்தவர்கள் அது கரைவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. தங்கத்திலும் காணியிலும் போட்டார்கள். 2021 இல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய சிமெந்து மூட்டை அடுத்த வருட நடுப்பகுதியில் இரண்டு மடங்கைத் தாண்டியபோது, கட்டிய வீட்டின் மதிப்பும் கூடவே ஏறியது. பிறகு வட்டி இறங்கியது, சுற்றுலாப் பயணிகள் திரும்பினார்கள், எல்ல மாதிரியான இடங்களில் ஒவ்வொரு சரிவும் ஒரு "வியூ" ஆகிவிட்டது. வெளிநாட்டவர் காணியை நேரடியாக வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் குத்தகைக்கு எடுப்பதற்கும், உள்நாட்டுப் பங்காளியோடு கம்பனி அமைப்பதற்கும் வழி இருக்கிறது.

மத்திய வங்கி 1998 முதல் காணி விலைச் சுட்டி ஒன்றைக் கணக்கிட்டு வந்திருக்கிறது. நீண்ட காலம் அது கொழும்பு மாவட்டத்தின் காணிகளை வைத்துப் போட்ட கணக்கு. பத்திரிகையில் "காணி விலை இத்தனை வீதம் உயர்வு" என்று வரும் செய்தி பெரும்பாலும் கொழும்பைப் பற்றியதுதான். மலையகத்தில் ஒரே மாவட்டத்துக்குள் மூன்று சந்தைகள் இருக்கின்றன. டவுனும் பிரதான வீதியும் ஒன்று. ஹோட்டல்காரர் தேடும் இடங்கள் இன்னொன்று. மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் உள்ளே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் நடக்கும் டிவிஷன்கள் மூன்றாவது. அந்த மூன்றாவதில் சந்தையே இல்லை, ஏனென்றால் விற்கும் உரிமை உள்ளவர் அங்கே குடியிருப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பேர்ச்சஸ் 5 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 பேர்ச்சஸ் 35 இலட்சம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி நாட்சம்பளம் 1,550 ரூபாய், வருகைக்கான ஊக்கத்தொகை 200 ரூபாய், ஆக 1,750. மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்தால் 43,750. ஈ.பீ.எஃப்., சந்தா, கோயில் காசு எதையும் கழிக்காமல், ஒரு வேளை சோறும் தின்னாமல் சேர்த்தால் 80 மாதம். ஆறு வருடம் எட்டு மாதம். அதுவும் வெறுங்காணிக்கு, அந்தக் காலத்தில் விலை ஒரு ரூபாய்கூட ஏறாமல் இருந்தால். தோட்டத்துச் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் டவுனில் காணி வாங்குவது நடக்காத காரியம். வாங்கியவர்கள் இருக்கிறார்கள்தான். அவர்களுடைய வீடுகளில் யாரோ ஒருவர் மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ பத்து வருடம் உழைத்திருப்பார்.

காணி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் கூரையோடு நிற்பதில்லை. இந்த நாட்டின் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் தருவது சிறுதோட்ட உடைமையாளர்கள். காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்தில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர்கள். அவர்களும் நம்மைப் போலக் கொழுந்து பறிப்பவர்கள்தான். ஆனால் பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போது, வீட்டில் ஒருவருக்கு ஒப்பரேஷன் என்று வரும்போது, உறுதியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக அவர்களால் முடியும். நம் வீட்டில் அப்படி ஒரு நாள் வந்தால் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. அவை தீர்ந்தால் மைக்ரோ கடன்காரர் வாசலில் நிற்கிறார். வீடு இருந்தும் அது பிணைக்கு உதவாது என்றால், அந்த வீடு நமக்குப் பாதி வீடுதான்.

சட்டத்தைப் பற்றிய இரண்டு தவறான நம்பிக்கைகளை இங்கே சொல்லியாக வேண்டும். "நாலு தலைமுறையாக இருக்கிறோம், இது தானாகவே நமக்குச் சொந்தம்" என்பது முதலாவது. பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தால் உரிமை கோரலாம் என்ற சட்டம் உண்மையில் இருக்கிறது. ஆனால் அது அரச காணிக்குச் செல்லாது. தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது, கம்பனிகள் வைத்திருப்பது குத்தகை. 150 வருடம் இருந்தாலும் அந்தச் சட்டம் நமக்குக் கைகொடுக்காது. இரண்டாவது, முத்திரை ஒட்டிய கடிதம். டவுனுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் காம்பிராவையும் மரக்கறித் தோட்டத்தையும் எழுத்து வாங்கிக்கொண்டு கைமாற்றுவது நடக்கிறது. 1840 இலிருந்து இந்த நாட்டுச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும் என்கிறது. அப்படியே எழுதினாலும், விற்றவருக்கு உரிமை இல்லாவிட்டால் வாங்கியவருக்கும் இல்லை. இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் கொடுத்து ஒரு கடிதத்தை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த மலைக்கு எப்போதும் விலை இருந்திருக்கிறது, நமக்குத்தான் அந்தச் சந்தையில் இடம் இருக்கவில்லை. 1844 வரை வெள்ளைக்கார அரசாங்கம் கோப்பித் தோட்டத்துக்குக் காட்டை ஏக்கர் 5 ஷில்லிங் கணக்கில் விற்றது. வாங்கியவர்களில் அந்த அரசாங்கத்தின் உத்தியோகத்தர்களே பலர். (விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் விலை மலிவாகத்தான் இருக்கும்.) 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு, பிறகு கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. அதில் நமக்குக் கிடைத்தது பட்டினியும் வெளியேற்றமும். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சிக்கு எதிராக எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அவர் பெயரை மே மாதத்தில் மட்டும் சொல்கிறோம். அவர் இறந்தது காணிக்காக என்பதை மற்ற மாதங்களிலும் நினைக்க வேண்டும். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் போட்ட 53 வருடக் குத்தகை 2045 இல் முடிகிறது.

அந்த 2045 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் இருபது வருடம்கூட இல்லை. குத்தகை முடியும்வரை காத்திருந்து பேச யாரும் முட்டாள் இல்லை. முதலீடு செய்பவர் இப்போதே நீடிப்புக் கேட்பார், தேயிலை இலாபம் தராத பகுதிகளை வேறு தொழிலுக்கு விடக் கேட்பார். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரை பங்களாக்கள் பணக்காரப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களிலேயே ஹோட்டலானது. வேலை வாய்ப்பு வந்தால் நல்லதுதான், ஹோட்டலை நான் எதிர்க்கவில்லை. பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் புதிய விலை கிடைத்தபோது லயத்துக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி. குத்தகை எதுவும் திருத்தப்படுவதற்கு முன்னால், குடியிருப்புக் காணி முழுவதும் அளந்து பிரிக்கப்பட்டு மக்கள் பெயருக்கு வர வேண்டும். பிறகு என்றால், ஒவ்வொரு வரிசை லயத்துக்கும் ஒரு முதலீட்டாளரோடு வழக்காட வேண்டி வரும்.

இங்கே ஒரு வாதம் வருகிறது. நம் தலைவர்மாரில் சிலரே அதைச் சொல்கிறார்கள். "முழு உறுதி கொடுத்தால் நம்ம ஆள் குடிக்கும் கடனுக்கும் விற்றுவிடுவான், ஐந்து வருடத்தில் தோட்டம் வெளியாட்கள் கையில் போய்விடும். ஆகவே விற்க முடியாத பத்திரம்தான் பாதுகாப்பு." இந்தப் பயம் பொய் அல்ல. விலை ஏறும் இடத்தில் தரகர் வாசலுக்கு வருவார், கலியாணச் செலவு இருக்கும் வீட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்த மருந்து இந்த நாட்டில் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்த மருந்து. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் கிராமத்து விவசாயிக்கு அரச காணியைக் கொடுத்தது, விற்றுவிடுவான் என்ற அதே பயத்தில் கட்டுப்பாடும் போட்டது. பிள்ளைகள் பிரிக்க முடியாமல், வங்கி விருப்பத்தோடு ஏற்காமல், அந்தக் குடும்பங்கள் ஏறக்குறைய 90 வருடம் அனுமதிப்பத்திரத்தோடு அலைந்தன. கடைசியில் 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் "உறுமய" திட்டத்தைத் தொடங்கி, அந்த மக்களுக்கு முழு உறுதி தருவதாக அரசாங்கமே சொன்னது. கிராமத்துக்குப் போதாது என்று முடிவான பத்திரத்தை, தோட்டத்துக்குப் போதும் என்று ஏன் கொடுக்க வேண்டும்?

என் நிலைப்பாடு இது: உறுதி முழு உறுதியாக இருக்க வேண்டும். முதல் பத்து வருடம் வெளியே விற்கத் தடை வேண்டுமானால் அதை ஏற்கலாம், ஆனால் தடை முடியும் திகதி பத்திரத்திலேயே இருக்க வேண்டும். வங்கியில் ஈடு வைக்கவும் பிள்ளைகளுக்கு எழுதவும் முதல் நாளிலிருந்தே உரிமை வேண்டும். உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமப்பவர்கள் பெண்கள், வீட்டுக் காகிதத்தில் ஆணின் பெயர் மட்டும் என்ற வழக்கம் நம் கையாலேயே மாற வேண்டிய ஒன்று. இருவர் கையெழுத்தும் தேவை என்றால், தரகர் ஒரு போத்தல் சாராயத்தோடு வந்து காரியத்தை முடிக்கவும் முடியாது. விற்பனைக்குச் சட்டம் போடும் தடையைவிட இது பலமான தடை என்று நினைக்கிறேன்.

காணி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் கணக்கு உண்டு. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். இரண்டு இலட்சம் குடும்பங்கள் என்று வைத்தால், 7 பேர்ச்சஸ் வீதம் 8,750 ஏக்கர். நாம் கேட்கும் 20 பேர்ச்சஸ் என்றாலும் 25,000 ஏக்கர். நாட்டில் தேயிலை மட்டும் ஏறக்குறைய 5 இலட்சம் ஏக்கர்.

இடம் எது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை அதே மாதிரி, இன்னும் பரவலாக, அடித்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து என்று குறித்த சரிவில் கிடைக்கும் உறுதி, வீட்டுக்கு அல்ல, கல்லறைக்குக் கிடைக்கும் உறுதி. பாதுகாப்பான தட்டையான நிலம் மலையில் கொஞ்சம்தான் உண்டு. ஹோட்டல்காரரும் மரக்கறிக்காரரும் கண் வைத்திருப்பதும் அதே நிலத்தில்தான். விலை ஏறும்போது முதலில் நம் கையை விட்டுப் போவது அந்த நிலம்.

வீடுகள் கட்டப்படுகின்றன, மறுக்கவில்லை. இந்திய உதவியில் முதலில் 4,000, 2017 இல் நோர்வூட்டில் அறிவித்த 10,000 என்று எண்கள் இருக்கின்றன. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதால் தோட்ட வீதிக்குச் சபை பணம் செலவழிக்கவும் முடியும். மேடையில் சாவியும் காகிதமும் கைக்கு வரும் நாளில், புகைப்படம் எடுத்து முடித்த பிறகு, அந்தக் காகிதத்தைச் சங்கத்து மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். நில அளவை வரைபட இலக்கம் இருக்கிறதா, காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா, பாதையும் தண்ணீர்க் குழாய் போகும் வழியும் வரைபடத்தில் காட்டியிருக்கிறதா, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால், தமிழ்ப் பிரதி கேட்டுப் பெறும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.