வண்டி ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை செம்பூரில் நம்மைப் போன்ற ஒரு குடும்பம். எட்டாவது படிக்கும் பையன், "கடைக்குப் போய் நானே கறிவேப்பிலை வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்கிறான். "ரோட்டைத் தாண்டணும்டா, வேண்டாம். போன்ல சொன்னா வீட்டுக்கே வந்துடும். நீ கணக்கு கிளாசுக்குக் கிளம்பு." அவன் மறு பேச்சுப் பேசாமல் பையை எடுக்கிறான். நமக்கும் நிம்மதியாக இருக்கிறது.

இந்த நகரத்துக்கு வந்தபோது அவனுடைய தாத்தாவுக்கு என்ன வயது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் கதையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! சென்னையில் வண்டி மாறி, குண்டக்கல், சோலாப்பூர் எல்லாம் தாண்டி, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல், யாரோ எழுதிக் கொடுத்த முகவரியோடு வந்து இறங்கினார்கள். தோல் பதனிடும் இடங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு மாதுங்காவுக்கு வந்தவர்களும் அப்படித்தான். மீசை அரும்பாத வயதில் வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லி முடித்ததும், பக்கத்துத் தெருவுக்குத் தனியாகப் போகாதே என்கிறோம்.

மே மாதம் வந்தால் பணம் கட்டி முகாமுக்கு அனுப்புகிறோம். ஹெல்மெட் மாட்டி, கயிறு கட்டிச் சுவர் ஏறுகிறார்கள். சாயங்காலத்துக்குள் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தப்பில்லை. ஆனால் எப்போது ஏறுவது, எப்போது சாப்பிடுவது, எங்கே நிற்பது என்பதையெல்லாம் பெரியவர்களே முடிவு செய்துவிட்டால், பிள்ளைக்குத் துணிவு எங்கிருந்து வரும்?

அதிகக் காசு செலவில்லாத இடங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சயான் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், சின்னக் குன்றின் மேல், 1669-க்கும் 1677-க்கும் இடையில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டை நிற்கிறது. அந்நாளில் அவர்களுடைய எல்லை அங்கே முடிந்தது. அதற்கு அப்பால் போர்ச்சுக்கீசியர் நிலம். தாராவியை ஒட்டி, ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய இடம் மரம் வைத்து வளர்த்துக் காடாக மாறி, 1994-இல் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் ஆகத் திறக்கப்பட்டது. மித்தி ஆற்றங்கரையில் அவ்வளவு பச்சை! அதன் வாசலைத் தினமும் கடந்து டியூஷனுக்கு ஓடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள்?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் கயிறு இன்னும் குட்டை. அண்ணன் ஸ்டேஷன் வரை போகலாம், தங்கை கேட் வரைதான். மத்திய ரயில்வேயின் மாதுங்கா ஸ்டேஷனை 2017 முதல் முழுக்கப் பெண்களே நடத்துகிறார்கள். டிக்கெட் கொடுப்பதும் அறிவிப்புச் செய்வதும் அவர்கள்தான். அங்கே நம் மகள் மட்டும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டுமா?

பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊர் டிராஃபிக்கும் கூட்டமும் எனக்கும் தெரியும். என் வயிற்றிலும் அதே கலக்கம்தான். ஆனால் பதினெட்டு வயதில் ஹாஸ்டலுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பப்போகிறவர்கள் நாம். அதுவரை ஒரு வண்டி மாறக்கூட விடாமல் வைத்திருந்து, அன்றைக்குத் திடீரென்று "தைரியமா இரு" என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பூநாரைகள் வரும் காலத்தில், நவம்பர் கழிந்து ஒரு ஞாயிறு, கிளாஸை விட்டுவிடுவோம். அவை மேயும் சிவ்ரி சேற்றுக் கரைக்கு நம்மை அழைத்துப் போகும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். ஓதம் ஏறி நீர் நிரம்பினால் பறவைகள் மேய முடியாது. ரொம்ப வற்றினால் தூரப் போய்விடும். ஆகவே எத்தனை மணிக்குப் போய்ச் சேருவது என்று அவர்களே கணக்குப் போடட்டும். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் ஒரே வண்டி. டிக்கெட்டை அவர்களே எடுக்கட்டும். ஸ்டேஷனில் இறங்கித் தப்பான பக்கம் திரும்பினால் நாம் உடனே கூப்பிட வேண்டாம். யாரிடமாவது வழி கேட்கட்டும், அதுவும் மராத்தியில்.