லாஸ்ட் நேம் இல்லாத நாம்



மயிலாப்பூர் சபாவோ அடையாறு நூலகமோ, உறுப்பினராக இணையதளத்தில் பதிவதெல்லாம் வசதிதான். ஆனால் பல படிவங்களில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். நமக்கு ஏது அது? இனிஷியல்தானே! அப்பா பெயரைப் போட்டால், உறுப்பினர் அட்டையில் அதுவே நம் பெயராகிவிடுகிறது.

நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் என்பது ஊர், ஷியாலி என்ற சீர்காழி. ஆர் என்பது அப்பா ராமாமிருதம். இதில் எது லாஸ்ட் நேம்? வாசகரின் நேரம் வீணாகக்கூடாது என்று 1931-இலேயே விதி வகுத்தவர் அவர்.

கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளே, பெயருக்கு ஒரே கட்டம் போதும். அது தமிழையும் ஏற்கட்டும். ஓடிபி அடிக்க அவகாசம் கொடுங்கள். ஒரு பிழைக்காக நிரப்பியதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். எண்பது வயதுப் பெரியவர் பேரனைக் கூப்பிடாமல் தானே பதிய வேண்டும். அதுதான் நல்ல படிவம்.