தையற்காரர் கஃபி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டானிய வரலாற்றைப் பயில்வோர் கறுப்பின மக்களைப் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் காண்கின்றனர். அடிமை முறையை ஒழிக்க 1833ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்ட இடமே அது. அங்கும் அவர்கள் பிறரால் விடுதலை பெற்றவர்களாகவே காட்டப்படுகின்றனர். பிறர் உரிமைக்காக உழைத்தவர்களாகக் காட்டப்படுவதில்லை. இக்காட்சி எத்துணைக் குறையுடையது என்பதற்கு வில்லியம் கஃபி ஒருவரே போதிய சான்றாவார்.

இவர் 1788இல் கெண்ட் மாவட்டத்துச் சாத்தம் நகரில் பிறந்தார். தந்தையார் செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமையாயிருந்தவர். கஃபி ஐந்தடி உயரமும் இல்லாதவர், தையற்றொழிலில் வல்லவர். 1834இல் இலண்டன் தையற்காரர் நடத்திய வேலைநிறுத்தத்திற் கலந்துகொண்டு வேலையை இழந்தார். பின்னர், 1839இல், சாசன இயக்கத்திற் சேர்ந்தார். வயது வந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை, மறைமுக வாக்களிப்பு, உறுப்பினர்க்கு ஊதியம் முதலிய ஆறு கோரிக்கைகளை அவ்வியக்கம் முன்வைத்தது. (மகளிர்க்கு அச்சாசனத்தில் இடமில்லாமற் போனது அதன் குறையே.) 1842இல் தலைவர்கள் சிலர் சிறைப்பட்டபோது, தற்காலிகச் செயற்குழுவின் தலைமை கஃபியிடம் வந்தது.

அக்காலத்து ஏடுகள் அவரை அறியாதிருந்தனவோ எனின், இல்லை. டைம்ஸ் நாளிதழ் இலண்டன் சாசன இயக்கத்தாரையே அக்கறுப்பரின் கட்சியினர் எனக் குறித்தது. நகைச்சுவை ஏடாகிய பஞ்ச் அவரை எள்ளி நகையாடியது. எள்ளுதற்கு நினைவிலிருந்தவர், போற்றுதற்கு வேண்டிய காலத்தில் மறக்கப்பட்டார். இதுவே வருந்தத்தக்கது.

1848 ஏப்பிரல் 10ஆம் நாள் கென்னிங்டன் வெளியில் மக்கள் திரண்டனர். விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்திற்கு ஊர்வலமாய் எடுத்துச் செல்லுதலைத் தலைவர் ஓ'கானர் கைவிட்டபோது, கஃபி வெளிப்படையாகவே எதிர்த்தார். அவ்வாண்டிலேயே, அரசின் ஒற்றர் கூறிய சான்றைக் கொண்டு, அரசிக்கு எதிராகப் போர்தொடுக்கச் சதி செய்தார் என்று அவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. மாக்னா கார்ட்டாவின்படித் தம் நிலையினரே தம்மை விசாரித்தல் வேண்டும் என்று அவர் மன்றத்திற் கோரினார், பயனில்லை. ஆயுட்காலம் முழுவதும் நாடுகடத்தப்படும் தண்டனை பெற்றுத் தாசுமேனியா சேர்ந்தார்.

அவர் கோரியவை ஒவ்வொன்றாய்ச் சட்டமாயின. மறைமுக வாக்களிப்பு 1872இலும், உறுப்பினர் ஊதியம் 1911இலும் வந்தன. 1918இல் வயது வந்த ஆடவர் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். இச்சட்டங்களை இயற்றிய அமைச்சர்தம் பெயர்களை நூல்கள் விரித்துரைக்கின்றன. கோரியதற்காகத் தண்டனையுற்றவர் பெயரை நெடுங்காலம் பலர் எழுதவில்லை. ஒருவரைச் சேர்த்தெழுதுதல் அவர்க்குச் செய்யும் சலுகையன்று. அவரை விடுத்தெழுதிய வரலாறே பிழையுடையது.

1856இல் கஃபிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் இங்கிலாந்து திரும்பவில்லை. ஹோபார்ட் நகரிலேயே தையற்றொழில் செய்துகொண்டு, தொழிலாளரை ஒடுக்கும் சட்டங்களை எதிர்த்து அங்கும் மேடையேறினார். 1870இல், தம் 82ஆம் வயதில், ஆதரவற்றோர் விடுதியொன்றில் உயிர்நீத்தார்.