சிசிடிவியில் எல்லாம் தெரியுதே... கோர்ட்டுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரிப் பக்கம் ஒரு தெரு. இரவு 11 மணி. ஒருவரை இரண்டு பேர் வழிமறித்து வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். எதிரே ஒரு மளிகைக் கடை, அதன் வாசலில் கேமரா. விடிவதற்குள் 40 விநாடி வீடியோ ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். டீக்கடை திறக்கும்போது முகம் தெரிந்துவிடும், பெயர் தெரிந்துவிடும். மத்தியானத்துக்குள் ஊர் தீர்ப்பையும் எழுதி முடித்துவிடும்.

நான்கைந்து வருஷம் கழித்து, அதே இருவரையும் நீதிமன்றம் விடுவித்தால்? "வீடியோவே இருக்கு, இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?" என்று அதே குரூப்பில் கொதிப்பார்கள். கோபம் நியாயமானது. ஆனால், பெரும்பாலும் அது தவறான முகவரிக்குப் போகிறது. திட்டு வாங்குவது சட்டத்தின் 'டெக்னிகல்' விதி. திட்டு வாங்க வேண்டியது, அந்த விதியை நிறைவேற்ற நேரம் இருந்தும் நிறைவேற்றாதவர்கள்.

ஃபார்வர்டு ஏன் சாட்சி ஆகாது?

மளிகைக் கடையின் டிவிஆர் பெட்டிக்குள் இருக்கும் பதிவு வேறு. போனுக்கு வந்த வீடியோ வேறு. வாட்ஸ்அப் அதைச் சுருக்கியிருக்கும். யாரோ முன்னும் பின்னும் வெட்டியிருக்கலாம். எந்தத் தேதி, எந்த கேமரா என்ற விவரம் உதிர்ந்திருக்கும். 40 விநாடிக்கு முன்னால் நடந்தது என்ன என்பது யாருக்கும் தெரியாது. முகத்தை மாற்றி ஒட்டும் ஆப் எல்லார் கையிலும் இருக்கிற காலத்தில், "கண்ணால பார்த்தேன்" என்பதற்கு மதிப்பு குறைவு.

அதனால்தான் சட்டம் ஒரு சான்றிதழ் கேட்கிறது. இந்தக் கருவியில், இந்த நிலையில், இப்படிப் பதிவானது, இப்படி நகல் எடுக்கப்பட்டது என்று பொறுப்பானவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 65பி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் பிரிவு 63.

ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. இன்று கொலை வழக்குகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இந்த விதியைச் செதுக்கியவை கொலை வழக்குகள் அல்ல, தேர்தல் வழக்குகள். கேரளத்தின் ஏறநாடு தொகுதியில் பிரச்சாரப் பாட்டும் பேச்சும் அடங்கிய சிடிக்களை வைத்து நடந்த அன்வர் - பஷீர் வழக்கில், 2014 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது: சான்றிதழ் இல்லாத நகல் செல்லாது. அதற்கு முன்பு, 2005-ல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், சான்றிதழ் இல்லாவிட்டாலும் போன் அழைப்புப் பட்டியலை ஏற்கலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் கதவு 2014-ல் மூடப்பட்டது.

அடுத்தது மகாராஷ்டிரத்தின் ஜால்னா. வேட்புமனு நேரம் முடிந்தபின் வாங்கப்பட்டதா என்பது சண்டை. தேர்தல் அலுவலகத்தின் சொந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. கேட்டுக் கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் தெளிவுபடுத்தினார்கள்: நகல் என்றால் சான்றிதழ் கட்டாயம். ஆனால், அசல் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம். யாராவது தர மறுத்தால், நீதிமன்றத்தை அணுகி உத்தரவு வாங்கலாம். விசாரணை முடியும் முன்பு தாக்கல் செய்யவும் வழி உண்டு.

அதாவது, வழி இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று. அப்படியிருந்தும் ஒரு வழக்கு "65பி இல்லை" என்ற ஒற்றை வரியில் விழுந்தால், விழ வைத்தது விதி அல்ல.

முறையாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியுடன் போன இளைஞர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். வழக்கின் முக்கியச் சாட்சியான தோழியே பிறழ்ந்தார். அந்த நிலையிலும் வழக்கு நின்றதில் கோயில் சிசிடிவி பதிவுக்குப் பெரிய பங்கு. அந்தப் பதிவைச் சட்டப்படி ஏற்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு கடுமையாக வாதிட்டது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே போய் கேமராக்கள் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனை உறுதியானது. மனிதர்கள் பின்வாங்கினாலும் ஒழுங்காகப் பாதுகாத்த பதிவு பின்வாங்காது.

கத்தி பேசுமா?

கத்தி, ரத்தம் படிந்த சட்டை, பைக். இவை நீதிமன்ற மொழியில் சான்றுப் பொருட்கள். கத்தி என்ன செய்தது என்பது ஒரு கேள்வி. தெருவில் எடுத்த அதே கத்திதானா மேசையில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. வழக்குகள் அதிகம் தடுக்கி விழுவது இரண்டாவதில்தான். மகஜர் எழுதினார்களா, சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்களா, சீல் வைத்தார்களா, எத்தனை நாள் கழித்து நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள், தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்போது சீல் உடையாமல் இருந்ததா? இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும்.

சங்கிலியை எலி அறுத்த கதையும் உண்டு. 2020-ல் சென்னை மெரினாவில் பிடித்த சுமார் 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டதாக போலீஸ் சொன்னது. 2023 ஜூலையில் குற்றம்சாட்டப்பட்ட இருவரும் விடுதலை. மீம் போட்டு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகிற விஷயமா அது?

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்பது பலருக்குத் தெரியும். அதில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. நம் கற்பனை வழக்கில் பிடிபட்டவர், "நான்தான் வெட்டினேன், கத்தியை ஹெலிபேட் மைதானப் புதர்ல போட்டேன்" என்கிறார். போலீஸ் அங்கே போய் கத்தியை எடுக்கிறது. இப்போது "புதர்ல போட்டேன்" மட்டும் உள்ளே வரும். "நான்தான் வெட்டினேன்" வெளியே நிற்கும். 1946-ல் புளுகுரி கொட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது. புதிய சட்டத்தில் பிரிவு 23-ன் காப்புரையாகத் தொடர்கிறது. இந்த ஜன்னலுக்காகவே கத்தியை 'கண்டெடுக்கும்' வழக்கமும் நம்மூரில் உண்டு என்பது வழக்கறிஞர்களின் பழைய புகார்.

இங்கே இந்தியச் சட்டம் ஒரு விநோதமான இடத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் சட்டவிரோதமாகச் சோதனையிட்டு எடுத்த பொருளை விசாரணையில் பயன்படுத்த முடியாது. 1961-ன் மேப் வழக்கு அதை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. இங்கே 1970களின் பூரன்மல் வழக்கு முதல், சோதனை முறையற்றது என்பதற்காக மட்டும் பொருளைத் தள்ள முடியாது. ஒரு பென் டிரைவுக்குக் கையெழுத்து கேட்கும் சட்டம், வீடு புகுந்த விதத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை. இந்தச் சமநிலை சரியல்ல.

புதுச்சேரிக்குத் தெரிந்த பாடம்

பிரெஞ்சு மரபில் நீதிபதியிடமும் ஜூரியிடமும் சட்டம் கேட்பது ஒன்றே: உன் மனசாட்சிக்கு உறுதியாகத் தெரிகிறதா? எந்தச் சாட்சியம் உள்ளே வரலாம் என்று வாசலில் காவல் நிற்கும் இந்தியச் சாட்சியச் சட்டம் இந்த ஊருக்கு வந்தது 1960களில்தான். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தச் சட்டத்தின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று இங்கேயே நடந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3 அன்று கொல்லப்பட்ட வழக்கு, உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005-ல் புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. 189 சாட்சிகள். அவர்களில் 83 பேர் பிறழ்ந்தார்கள். 2013 நவம்பர் 27 அன்று ஜெயேந்திரர், விஜயேந்திரர் உள்பட 23 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். மனிதர்களின் வாய்ச்சொல்லையே தூணாக நம்பிக் கட்டும் வழக்கு எப்படி ஆடும் என்பதற்கு அந்த 83 போதும்.

அதனால்தான் புதிய சட்டங்கள் பொருளையும் பதிவையும் நோக்கி நகர்ந்திருக்கின்றன. சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 105. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்கே வர வேண்டும் என்கிறது பிரிவு 176(3). நல்ல மாற்றங்கள்.

ஆனால் சான்றிதழ் விஷயத்தில் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்திருக்கிறது. இப்போது சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். பகுதி ஏ-யில் மளிகைக் கடைக்காரர் மாதிரி கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். பகுதி பி-யில் ஒரு நிபுணர். இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பு வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். கேட்பது நியாயம்தான். ஆனால் பகுதி பி-யின் 'நிபுணர்' யார்? அரசு அறிவித்த மின்னணு சாட்சியப் பரிசோதகர் மட்டுமா, கம்ப்யூட்டர் தெரிந்த எவருமா? படிவத்தில் தெளிவில்லை. கடைக்காரருக்கு எஸ்ஹெச்ஏ-256 என்றால் என்னவென்று தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அரசு வழக்கில் அந்தச் சுமை அரசுடையது.

நேரமும் எதிரி. டிவிஆர் நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். சாத்தான்குளம் காவல் நிலையத்தில், 2020-ல் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடித்துக் கொல்லப்பட்ட சம்பவத்தில், ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார். எத்தனை நாள் பதிவு தங்கும் என்பதை ஒரு செட்டிங் தீர்மானிக்கிறது. அந்த செட்டிங்கை யார் வைக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம்.

புதுச்சேரி சின்ன யூனியன் பிரதேசம். இங்கே ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஹேஷ் எடுக்கத் தெரிந்த ஒருவரை நியமிப்பதும், பகுதி பி-யில் கையெழுத்திடத் தகுதியானவர்களின் பட்டியலைப் பொதுவில் வைப்பதும் அசாத்தியமில்லை. சம்பவம் நடந்த அன்றே பதிவைக் கைப்பற்றி, ஹேஷ் எண்ணை மகஜரிலேயே எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அதுவரை, வாசலில் கேமரா வைத்திருக்கும் லாஸ்பேட்டைக் கடைக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: போலீஸ் வந்து "பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க" என்றால், போட்டுக் கொடுப்பதோடு நிறுத்தாமல், டிவிஆரையும் மகஜர் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு நகல் கொடுங்கள் என்று கேட்பது.