அலைவரிசையில் ஒரு பாகப்பிரிவினை



ஓ.எஃப்.டி.எம்.ஏ. பற்றிக் கேட்டால், "சேனலைப் பல சப்கேரியர்களாகப் பிரித்துப் பலருக்குக் கொடுப்பது" என்று எழுதி இரண்டு மார்க் வாங்கிவிடுகிறோம். சரி, பிரிச்சாச்சு. எதை யாருக்குக் கொடுப்பது? விஷயமே அங்கேதானே இருக்கு!

மொபைல் வைமாக்ஸை எடுத்துக்கொள்வோம். 802.16இ என்ற 2005-ஆம் ஆண்டுத் தரம் அது. எல்.டி.இ. வந்தபின் ஓரங்கட்டப்பட்டது உண்மைதான். ஆனால் பங்கீட்டைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 1024 சப்கேரியர்கள். டவுன்லிங்க்கில் பி.யு.எஸ்.சி. என்ற முறைப்படி இரு ஓரங்களையும் நடுவில் ஒன்றையும் சும்மா விட்டால் மிஞ்சுவது 840. அதில் பைலட் 120 போக டேட்டாவுக்கு 720. இதை 30 சப்சேனல்களாக்கினால் ஆளுக்கு 24. இந்த 24-ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருப்பார்கள்.

ஏன் இந்தக் கலைப்பு? சிக்னல் சுவரிலும் மரத்திலும் மோதிப் பல வழியாக வந்து சேரும்போது சில சப்கேரியர்கள் வலுக்கும், சில அமுங்கிப் போகும். ஊரில் அண்ணன் தம்பிகள் நிலம் பிரிக்கும்போது மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம் என்று ஒவ்வொருவருக்கும் ஒதுக்குவார்களே, அந்தக் கணக்குதான். நாலு அமுங்கினாலும் மற்றவை பிழைக்கும். போனதைப் பிழைதிருத்தும் கோடிங் மீட்டுக்கொள்ளும்.

ஏ.எம்.சி. என்ற இன்னொரு முறை இதற்கு நேர் எதிர். அடுத்தடுத்த 9 சப்கேரியர்கள் ஒரு கட்டு. எந்தக் கட்டு யாருக்கு நன்றாகக் கேட்கிறதோ, அது அவருக்கு. வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது அருமை. பஸ்ஸில் போகிறவருக்கு? 5 மில்லி செகண்ட் ஃபிரேம் ஒன்று முடிவதற்குள், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பஸ் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 2.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 12 சென்டிமீட்டர்தான்! "இந்தக் கட்டு நல்லாயிருக்கு" என்று போன் சொன்ன தகவல் போய்ச் சேர்வதற்குள் பழசாகிவிடும். அவருக்குக் கலைப்புதான் சரி.

இதுவரை சண்டையில்லை. என் சண்டை ஷெட்யூலரோடு. ஒவ்வொரு கட்டையும் அதில் மிக நன்றாகக் கேட்பவருக்கே கொடுத்தால் மொத்த வேகம் உச்சத்துக்குப் போகும். டவருக்கு அருகில் இருப்பவனுக்குக் கொண்டாட்டம். கடைசித் தெருக்காரன் எந்தக் கட்டிலும் முதல் ஆளாக வரமாட்டான். அவன் பங்கு பூஜ்யம். 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக எங்கள் தெருப் பிள்ளைகள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அதற்கு ஷெட்யூலர்தான் காரணம் என்று சொல்லவில்லை, டவர் தூரம். ஆனால் தூரத்தில் இருப்பவனை மறந்துவிடும் கணக்கை "உகந்த தீர்வு" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மாற்று இல்லாமலா? புரொபோர்ஷனல் ஃபேர் முறையில் ஒருவரை அடுத்தவரோடு ஒப்பிடுவதில்லை. அவருடைய இப்போதைய வேகத்தை அவருடைய சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். தன் அளவில் நல்ல நேரம் வரும்போது ஓரத்து ஆளுக்கும் முறை வரும். மொத்த வேகம் குறையும். குறையட்டுமே!

பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. எல்.டி.இ.யிலும் 5ஜியிலும் 12 சப்கேரியர் கொண்ட பிளாக், வைஃபை 6-ல் குறைந்தபட்சம் 26. யாருக்கு எது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. மூன்று பயனர், 30 சப்சேனல், இரண்டு ஷெட்யூலர் என்று சி-யில் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு வகுப்புப் பக்கம் வாங்க.