கேள்வி யாருடையது?

புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று காசநோயால் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில், ஸ்ட்ரெப்டோமைசின் அந்நோயைக் கட்டுப்படுத்த வல்லது என்பதை முறையான ஒப்பீட்டுச் சோதனையின் வழி நிறுவிய பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அறிக்கை வெளியாயிற்று. மருந்து இருப்பது வேறு. அது ஓர் ஏழையின் வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடப்பதில் ஆய்வுக்கு என்ன பங்கு உண்டு என்று எண்ணிப் பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னைச் சேத்துப்பட்டில் நடந்த ஓர் ஆய்வே போதும்.

காசநோய்க்குச் சானடோரியமே கதி என்று உலகம் நம்பிய காலம் அது. நல்ல காற்று, சத்தான உணவு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. சௌரிமுத்து என்ற மருத்துவர் 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியமும் இந்த நம்பிக்கையின் விளைவுதான். ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில் மட்டுமே இருந்தன. எல்லோருக்கும் படுக்கை தருவது எந்த அரசாலும் இயலாத காரியம்.

இந்த முட்டுச்சந்தில்தான் 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தனர்; மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலேயே சிகிச்சை அளித்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடும் போதிய ஓய்வின்றியும் வாழ்ந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைந்திருந்தனர். அதைவிட முக்கியமானது, ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது தெரியவந்த செய்தி. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியிருக்கவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் வழக்கொழிந்ததற்கும், 1962இல் இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டதற்கும் இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இந்த வெற்றிக்கு நான்கு பெரிய நிறுவனங்கள் கூடியதை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. நிறுவனங்கள் கூடிப் பயனேதும் விளையாத ஆய்வுகள் ஏராளம். இங்கே கேள்வி ஆய்வாளரின் ஆர்வத்திலிருந்து பிறந்ததன்று. இதற்கு விடை தெரியாவிட்டால் நாளை என்ன செய்வது என்றே தெரியாத ஒரு மாநில அரசின் கேள்வி அது. கேட்டவர் விடைக்குக் கட்டுப்படவும் ஆயத்தமாக இருந்தார். கூட்டாய்வின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னோர் ஆய்வும் உண்டு. பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் இருவரும் இன்றைய கர்நாடகத்தின் தும்கூர் பகுதிக் கிராமங்களில் நடத்தியது, 1963இல் வெளியானது. அறியாமையால் கிராமத்தார் மருத்துவரிடம் வருவதில்லை என்பதே அன்றைய பொதுக் கருத்து. ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏற்கெனவே மருத்துவ நிலையங்களின் கதவைத் தட்டியிருந்தார்கள். நோயைக் கண்டறியத் தவறியது மருத்துவ அமைப்புதான். மக்களை நேரில் கேட்காதவரை அவர்கள்மீது சுமத்தப்பட்ட அறியாமை ஓர் உண்மையாகவே உலவிக்கொண்டிருந்தது.

எனினும் சென்னை ஆய்வைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. மருந்து முறையாகக் கிடைத்தால் குறைந்த உணவோடும் குணமடையலாம் என்பதே அது சொன்னது. கொள்கை வகுத்தவர்கள் காதில் அது 'உணவு முக்கியமன்று' என்று விழுந்ததோ என ஐயுறவேண்டியிருக்கிறது. நோயாளியின் அடுப்பு எரிகிறதா என்ற கேள்வி பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டங்களின் ஓரத்திலேயே கிடந்தது. ஓர் ஆய்வு கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். கேளாத கேள்விக்கும் அதையே விடையாகக் கொள்வது நம் பிழை.

அந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் 2019 முதல் 2022 வரை ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் மீண்டும் எழுப்பினர். சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அக்கூட்டாய்வில் பங்குகொண்டது. நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் தந்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. 2023இல் இம்முடிவு 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. நோயாளிகளுக்கு ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்த ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரில் 1000 ரூபாயாக உயர்ந்தது. போதுமா என்பது வேறு விவாதம்.

தமிழ்நாட்டிலும் 2022 ஏப்ரலில், மாநில அரசும் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் பிறரும் இணைந்து 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கினர். நோய் உறுதியானவுடன் எடை, உயரம், கால்வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் வலு ஆகியவற்றைச் சோதித்து, மிகவும் நலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது அதன் சாரம். ஒரு தாளில் அடங்கும் சோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே செய்துவிடலாம். காசம் என்றால் இருமல். 'காசநோய்' என்ற சொல் இருமலை மட்டுமே சுட்டுகிறது. நம் மக்களிடம் வழங்கிய 'எலும்புருக்கி' என்ற பெயரோ உடல் உருகுவதைச் சுட்டியது. இன்றைய அறிவியல் எடைக்கருவியில் தேடும் அபாயம் அந்தப் பழைய சொல்லில் பதிவாகியிருக்கிறது.

இங்கேதான் தமிழ்த் துறைகளை நினைத்துக்கொள்கிறேன். மக்களிடம் கேட்கப்படும் வினாநிரல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பின் அவசரமாகத் தமிழாக்கப்படுகின்றன. எந்தச் சொல்லுக்கு ஒரு பெண் வெட்கப்பட்டு நோயை மறைப்பாள், எந்தச் சொல்லுக்கு மனந்திறப்பாள் என்பதை அறிந்தவர் அந்த அறையில் இருப்பதில்லை. நாமோ பதவி உயர்வுக்கான கட்டுரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம் ஆய்வேடுகளுக்கு நூலக அடுக்கைத் தவிர வேறு முகவரி இல்லை. அவற்றின் கேள்விகள் நம்மைத் தவிர எவருடையவையும் அல்ல என்பதே காரணம். மருத்துவரும் புள்ளியியலாளரும் அரசு அலுவலரும் அமரும் மேசையில் மொழி கற்றவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். அதை யாரும் அழைத்துத் தரமாட்டார்கள். அவர்களுக்குத் தேவையான ஒரு கேள்வியோடு நாம்தான் போய் அமரவேண்டும்.